வெளியே போகும் வேகம்

வீட்டில் மீன்தொட்டி இருந்தால் அதற்குப் பின்னால் ரூட்டரை வைக்காதீர்கள். தண்ணீர் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். பலருக்கு இது தெரிவதில்லை. கூடுதல் பணம் கட்டி அதிவேக இணைப்பு வாங்குகிறார்கள். அதைத் தங்கமீன்களுக்குக் கொடுத்துவிட்டு, படம் பாதியில் நிற்கிறது என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் படம் நிற்பதில்லை. எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் குளிர்காலம் முழுவதும் மழைதான். மழை பெய்யும் மாலையில் ஒரு படம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது பெரிய ஆசை இல்லை. நான் செய்ததெல்லாம் அதில்தான் தொடங்கியது.

பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு சிலர் நடனம் கற்றுக்கொள்கிறார்கள். நான் ரூட்டரைக் கற்றுக்கொண்டேன். அதை உயரத்தில், வீட்டின் நடுவில் வைக்க வேண்டும். பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு கூடாது. தொலைக்காட்சிக்குக் காற்றை நம்பாமல் கம்பி இழுத்துவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே அலைவரிசையில் நெருக்கியடித்தால் நாம் காலியான ஒன்றுக்கு மாறிக்கொள்ள வேண்டும். கட்டடத்தில் யார் வீட்டில் படம் சுற்றிக்கொண்டே நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மூன்றாம் மாடி லியாவ் அக்கா ரூட்டரை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

"ஏங்க்கா, இதென்ன நகையா?"

"புதுசுடி. தூசி பட்டா கெட்டுப் போயிடாதா? பேரன் வேற வந்தா நோண்டுவான்."

"அடைச்சு வெச்சா எப்படிக்கா வெளிய வரும்?"

"உனக்கென்ன, சொல்லுவ. உன் வீட்டுல இருக்கிறது சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு."

அவர் சொன்னது சரி. என் மகள் பெய்ரோங் சொன்ன பேச்சு கேட்பவள். முப்பத்தொரு வயது. துறைமுகத்துக்கு அருகில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. என் கணவர் இருபது ஆண்டுகளாகச் சீனாவில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். புத்தாண்டுக்கு வருவார். மற்ற நாட்களில் எப்போதாவது வீடியோவில் பேசுவார். அந்த அழைப்புகளில் நான் கை வைத்ததில்லை. தேவைப்பட்டதில்லை.

மாலையில் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்குள் வரும். பெய்ரோங் பைகளை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவாள். திரும்பி வருவதற்குள் நான் கொய்யாவை நறுக்கிப் புளிப்பு பிளம் பொடி தூவி வைத்திருப்பேன். பிறகு படம். எங்கள் இருவருக்கும் கொலைப் படங்கள் பிடிக்கும். ஒரு குறைதான். அவளுக்கு எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

"அவன்தாம்மா."

"யாரு?"

"அந்த டாக்டர். கையுறைய ரெண்டு தடவ காட்டிட்டாங்க."

"வாய மூடுடி. படத்தோட பேரே இன்னும் போடல."

"சரி, நான் சொல்லல. ஆனா அவன்தான்."

அவன்தான்.

போன ஆண்டு அவள் ஐரோப்பாவில் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினாள். பெரிய துறைமுகங்கள், பெரிய நிறுவனங்கள். அவளுடைய அலுவலகத்தில் இனி மேலே போக இடமில்லை என்றாள். நான் சரி என்றேன். ஒரு தாய் வேறென்ன சொல்வாள்? நேர்காணல்கள் வீடியோவில் நடந்தன. அவர்களுக்கு மதியம் என்றால் நமக்கு மாலை. எல்லாம் படம் பார்க்கும் நேரத்திலேயே வந்தன. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் தடவை நடந்தது தற்செயல். வீட்டுக்குள் வரும் வேகம் ஒன்று, வெளியே போகும் வேகம் ஒன்று. எந்தக் கருவிக்கு எது எவ்வளவு என்று ரூட்டரின் செயலியில் பிரித்துக் கொடுக்கலாம். படம் பார்க்க உள்ளே வரும் வேகம்தான் வேண்டும். வெளியே போகும் வேகம் வீட்டில் யாருக்கும் பயன்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் அதை ஒடுக்கி வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். ராட்டர்டாம் நிறுவனத்துடன் பேசிவிட்டு அறையிலிருந்து வந்தவள் சிரித்தாள்.

"வாய் தொறந்தபடியே நின்னுட்டேனாம்மா. அவங்க பக்கம் பத்து நிமிஷம் அப்படியே தெரிஞ்சிருக்கு."

"எப்படி? செஞ்சு காட்டு."

செய்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். கொய்யா தின்றோம். படம் நன்றாக இருந்தது. அவர்கள் திரும்ப அழைக்கவில்லை. காரணத்தை மறுநாள் கண்டுபிடித்து உடனே சரிசெய்துவிட்டேன். இதையும் கவனிக்க வேண்டும்.

ஆன்ட்வெர்ப் நிறுவனத்துக்கு முன்பு மீண்டும் ஒடுக்கினேன். இம்முறை அவளுடைய கணினிக்கு மட்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதிகமாக ஒடுக்கினால் படம் உறைந்துபோகும். உறைந்தால் எல்லோரும் இணைப்பைச் சந்தேகிப்பார்கள். அளவாக ஒடுக்கினால் குரல் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தை யாரும் இணைப்பின் கோளாறாக நினைப்பதில்லை, ஆளின் கோளாறாகத்தான் நினைக்கிறார்கள். கேள்வி கேட்கிறார்கள். பதில் வரவில்லை. அடுத்த கேள்வியைத் தொடங்குகிறார்கள். அப்போது முதல் பதில் வந்து அதன்மேல் விழுகிறது. இரு பக்கமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். இரு பக்கமும் நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளே வரும் வேகத்தை நான் தொடவில்லை. அதனால் அவர்களுடைய முகங்கள் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தன.

அன்று அவளுடைய நீலச் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். தொண்டைக்குத் தேன் கலந்த வெந்நீரும் கொடுத்தேன்.

ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த மின்னஞ்சல் மரியாதையாக இருந்தது. அவளுக்கு அறிவு இருக்கிறது, சுறுசுறுப்புப் போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். பெய்ரோங் வேகச் சோதனை நடத்திப் பார்த்தாள். அதற்குள் நான் எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தேன். முள் கடைசிவரை போய் நின்றது.

"பாரு, கட்டடத்துலயே நம்ம வீடுதான் முதல்" என்றேன்.

"அப்ப நான்தாம்மா."

"என்ன நீ?"

"மந்தம்."

"மந்தமெல்லாம் இல்ல. நிதானம். உங்கப்பா மாதிரி இல்லாம இருக்கியே, அதுவே போதும்."

அவள் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைப்பது எனக்குக் கஷ்டமில்லை.

ஆனாலும் அவள் ரூட்டரையும் விடவில்லை. எந்திரம் முரண்டு பிடிக்கக் கூடாதென்றால் அதன்மேல் பச்சைப் பொட்டலத்துச் சோளப்பொரி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். மருத்துவமனை எந்திரம் முதல் ரயில்நிலையச் சீட்டு எந்திரம் வரை எல்லாவற்றின்மேலும் அது இருக்கும். பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் கூடாது. தேதி கடந்திருக்கக் கூடாது. பிரித்துத் தின்றால் எல்லாம் போயிற்று. பெய்ரோங் கடையில் பொறுக்கியெடுத்து வாங்கி வந்து, இரண்டு கையாலும் ரூட்டரின் மேல் வைத்தாள்.

"நல்ல பிள்ளையா நடந்துக்கணும், சரியா?" என்று அதனிடம் சொன்னாள்.

தேதி முடியும்போது புதுப் பொட்டலத்தை நான் வாங்கி வைத்தேன். அவளுடைய நம்பிக்கைகளில் நான் குறுக்கிட்டதே இல்லை.

இன்னும் சில நேர்காணல்கள் வந்தன, போயின. வேறெங்காவது உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள். எங்கள் வீடு மலைச்சரிவை ஒட்டியது, கைபேசிக்கு அலை சரியாகக் கிடைக்காது. காபிக் கடையில் கோப்பை உருட்டும் சத்தம் கேட்கும். தோழி வீட்டில் கைக்குழந்தை. நகரத்திலேயே நல்ல இணைப்பு நம் வீட்டில் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும் என்றேன். லியாவ் அக்காவும் ஆமாம் என்றார். இது பொய் இல்லை.

அவள் பயிற்சி எடுத்துக்கொண்டாள். எதிராளி பேசி முடித்ததும் மனதுக்குள் கொஞ்சம் எண்ணிவிட்டுப் பேச வேண்டும், அப்போதுதான் குரல்கள் மோதாது என்று கண்டுபிடித்தாள். திரையின் ஓரத்தில் 'பொறு' என்று எழுதி ஒட்டினாள். கண்ணாடி முன் நின்று பொறுத்துப் பழகினாள். கொஞ்ச நாளில் அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சூப் வேண்டுமா என்று கேட்டால், ஒரு நொடி கழித்துத்தான் வேண்டும் என்பாள். படத்தில் கொலைகாரனை முன்கூட்டியே சொல்வதையும் விட்டுவிட்டாள். கடைசிவரை என்னோடு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். படம் பார்ப்பது முன்பைவிட இனிமையாக இருந்தது.

பிறகு ஹாம்பர்க் வந்தது. இருப்பதிலேயே பெரிய நிறுவனம். எழுத்துத் தேர்வில் அவள் முதலாவதாக வந்திருந்தாள். எழுத்துக்குத் தாமதம் கிடையாது. இனி ஒரே ஒரு நேர்காணல்.

நேர்காணல் நாளன்று மாலை, என்னிடம் சொல்லாமல், இணைப்பு நிறுவனத்திலிருந்து ஆளை வரச்சொல்லியிருந்தாள். அவர் நனைந்த மழைக்கோட்டோடு வாசலில் நின்றார். நாற்பது வயது இருக்கும். அதே நேரம் கீழே குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. பெய்ரோங் அவரை உள்ளே விட்டுவிட்டுப் பைகளோடு ஓடினாள்.

அவர் முதலில் பச்சைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துத் தேதி பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்கம்மா. நான் போற வீட்டுல பாதிப் பேரு மஞ்சள வெச்சிட்டு என்னைத் திட்றாங்க."

பிறகு மடிக்கணினியைத் திறந்தார். ரூட்டரின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அம்மா, உங்க பொண்ணு கம்ப்யூட்டருக்கு மட்டும் வெளிய போற வேகத்தைக் கட்டி வெச்சிருக்கு. எப்பவும் இல்ல, சில நாள் மட்டும். இன்னிக்கும் இருக்கு. யார் போட்டது?"

"நான்தான்."

"தெரியாம அழுத்திட்டீங்களா?"

நல்ல மனிதர். தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி காட்டினார். நான் அதில் போகவில்லை. பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் பெய்ரோங்கின் அறையைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. சுவரில் ஹாம்பர்க் துறைமுகத்தின் வரைபடம் ஒட்டியிருந்தது. நாற்காலி முதுகில் நீலச் சட்டை தொங்கியது.

"அவங்களுக்குத் தெரியுமாம்மா?"

"அவ கேட்டதில்ல."

"நான் எடுத்துடறேன்."

"எடுத்துடுங்க. டீ ஆறுது பாருங்க."

அவர் எடுத்துவிட்டார். டீயைத் தொடவில்லை. "நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார். சொல்கிறேன் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

பெய்ரோங் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"சார், ஏதாவது கோளாறா?"

அவர் காலணியை மாட்டிக்கொண்டே, "இப்ப ஒண்ணும் இல்ல. தைரியமா பேசுங்க" என்றார்.

அவள் நின்றாள். அவள் முகம் கொஞ்சம் வாடியது. கோளாறு ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று எதிர்பார்த்திருப்பாள் போல. ஒரு நொடி கழித்து, "அப்ப சரி" என்றாள்.

அறைக் கதவு மூடியது. நான் கூடத்தில் கைபேசியில் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பார்ப்பதற்கு மட்டும். விரலால் எதையும் தொடவில்லை. வெளியே போகும் வேகம் முழுவதுமாகத் திறந்திருந்தது. அவ்வளவு வேகம் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போய் நான் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது.

கதவு வழியே ஒரு ஆணின் குரல் கேட்டது. ஆங்கிலம். எனக்கு அரைகுறையாகப் புரியும். புயலில் கப்பல் தாமதமானால் முதலில் யாருக்குச் சொல்வாய் என்று கேட்டார். அவள் தூக்கத்தில்கூட பதில் சொல்லும் கேள்வி. கேட்டு முடித்தார். அமைதி. அவள் பொறுத்தாள். அவர் மறுபடி ஆரம்பித்தார். அவள் பதில் அவர்மேல் விழுந்தது.

"சாரி" என்றாள். "நீங்க முதல்ல."

"இல்லை, நீங்க."

அவள் பொறுத்தாள்.

இப்படியே நடந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் வெளியே வந்து நீலச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"எப்படிப் போச்சு?"

கொஞ்ச நேரம் கழித்து, "லைன் நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றாள்.

ஹாம்பர்க்கிலிருந்து அடுத்த வாரம் பதில் வந்தது. அதன் பிறகு அவள் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. வரைபடத்தை அவளே எடுத்துவிட்டாள். அந்தச் சுவரில் இப்போது இரண்டாவது திரை மாட்டியிருக்கிறோம். சளி பிடித்தால் படுத்தபடியே பார்க்கலாம்.

இதை நான் எழுதுவது அந்த மனிதருக்காக. போகும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. முன்பு ஒடுக்கியது நான்தான், ஒவ்வொரு முறையும் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மாலையில் நான் எதையும் தொடவில்லை என்பது அவருக்கே தெரியும். எல்லாம் திறந்துதான் இருந்தது. அவள் போகவில்லை. போக விருப்பமில்லாத ஒரு பெண்ணை நான் எப்படித் தடுத்திருக்க முடியும்?