தீயைத் தேடி வந்த வண்டும் நானும்

ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேன்... இதுல கோமாளி நான்தான். அதனால தாராளமா சிரிக்கலாம்.

போன வருஷம் கலிஃபோர்னியாவுல ஒரு தமிழ்ச் சங்கம் என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. போய் இறங்கினா... பக்கத்து மலைக்காட்டுல தீ! நம்மாளுங்க பல பேருக்கு வீடு போச்சு. எல்லாரும் ஒரு பள்ளிக்கூட ஹால்ல தங்கியிருக்காங்க. விழா ரத்து. நான் விடுவேனா? "ஆறுதல் சொல்ல வர்றேன்"னு கிளம்பிட்டேன். பட்டு ஜிப்பா, அங்கவஸ்திரம், சென்ட்டு... எங்க போறேன்? தீப்பிடிச்ச ஊருக்கு!

கூட்டிட்டுப் போனது செண்பகவல்லி. கோவில்பட்டிப் பொண்ணு, அங்க பூச்சி ஆராய்ச்சி பண்ணுது. கார்ல இருந்து இறங்குறேன்... கழுத்துல சுருக்குன்னு ஒரு கடி! "ஐயோ!"ன்னு குதிச்சேன். செண்பகம் பிடிச்சுக் காட்டுச்சு. கன்னங்கரேல்னு ஒரு சின்ன வண்டு.

"இது தீயைத் தேடி வர்ற வண்டு ஐயா. நடுக்கால் பக்கத்துல குழி இருக்கு பாருங்க. அதுக்குள்ள நீர் நிறைஞ்ச குட்டிக் குட்டி உருண்டை. தீயில இருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் வரும்ல? அது பட்டா உருண்டை லேசா உப்பி நரம்பை அழுத்தும். எந்தப் பக்கம் எரியுதுன்னு தெரிஞ்சு பறந்து வந்துடும்."

எல்லா உசுரும் தீயைப் பார்த்து ஓடுது... இது தீயை நோக்கி வருதா! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மீதியைக் கேட்டேனா? கேக்கல. நேரா மைக்!

"சொந்தங்களே! அடுத்தவர் நெருப்பில் தவிக்கையில் ஓடோடி வரும் இந்த வண்டெனும் தியாகச் சுடரைப் பாருங்கள்!" குரல் தழுதழுக்குது... எனக்கே கண்ணு கலங்குது!

முன்வரிசையில ஞானராஜ்னு ஒருத்தர். வீடு மொத்தமும் எரிஞ்சு, போட்ட சட்டையோட உட்கார்ந்திருக்கார். மெதுவா கேட்டார்: "ஐயா... அது வந்து என்ன பண்ணும்?"

என்ன பண்ணும்? எனக்கென்ன தெரியும்! செண்பகத்தைப் பார்த்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு:

"எரிஞ்ச மரத்துல முட்டை போடும் ஐயா. பச்சை மரம்னா பிசின் விட்டுத் துரத்தும். எரிஞ்ச மரத்தால முடியாது. பொறக்குற புழுவுக்கு அதுதான் சாப்பாடு."



ஞானராஜ் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "அப்ப சரி... நீங்களும் வந்துட்டீங்க."

சிரிச்சாங்க பாருங்க! தீ வந்ததுல இருந்து வாயே திறக்காத அவர் சம்சாரம், கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. என் பேச்சால ஒருத்தருக்கு நிஜமா ஆறுதல் கிடைச்சது அன்னைக்குத்தான்... அதுவும் நான் பேச்சை நிறுத்தின பிறகு!

மைக்கை வெச்சுட்டு அவர் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். "என்ன வேணும் அண்ணே?"

"இவளுக்குக் கால்ல செருப்பு இல்லைங்க. அப்படியே ஓடியாந்துட்டோம்."

செண்பகம் கார் எடுத்துச்சு. நாலு பேரும் போய் வாங்கிட்டு வந்தோம்.

எதுக்குச் சொல்றேன்? ஒரு வீட்டுல சாவு, ஒரு வீட்டுல நஷ்டம்... நமக்கும் உடனே தெரிஞ்சிடுது. உடனே போறோம். போய் என்ன பண்றோம்? நம்ம பெருமையையும் அறிவுரையையும் அங்க இறக்கி வெச்சிட்டு வர்றோம். வேண்டாம்னு சொல்ல அவங்களுக்குத் தெம்பு இருக்குமா? இருக்காதுங்க. போங்க... கட்டாயம் போங்க. போய், "என்ன வேணும்?"னு கேளுங்க. கேட்டுட்டு... பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு உட்காருங்க!