இரண்டாவது ஜாய்ஸ்டிக்

உங்கள் கீபோர்டில் ஸ்பேஸ் பார் சிக்குகிறது. யாரோ டீயைக் கொட்டியிருக்கிறார்கள். இரண்டு வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு வந்தால் என் படிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். இந்தக் கம்ப்யூட்டர் இப்படி இரைவதற்கும் அதன் வயது காரணமல்ல. உள்ளே விசிறியில் தூசி அடைந்திருக்கிறது. புதிது கேட்டு மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு பெயின்ட் பிரஷ் போதும்.

இந்த மாதிரி விஷயங்களை எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். எந்தப் போன் வாங்கலாம், எந்த டிவி கண்ணைக் கெடுக்காது, பிள்ளைக்கு லேப்டாப் எது என்று. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர் சொந்தக்காரருக்குப் போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கமாட்டார். சார்ஜ் இறங்கினால்கூட நம் தலைதான் உருளும். ஆனாலும் நான் சலித்துக்கொண்டதில்லை. விளம்பரத்தில் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஞானம். பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

என் அண்ணி நேற்று உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். வேறு காரணம் இல்லை.

அண்ணன் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். முகமூடி போடாமல் அடித்து அடித்து நுரையீரலைத் தொலைத்தவன். கடைசிக் காலத்தில் ஆக்சிஜன் மெஷின்தான் அவனுக்கு மூச்சு. மூக்கில் குழாயோடு குளியலறை வரைக்கும் போய்வருவான். அதற்கு மேல் குழாய் எட்டாது. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். யாராவது சட்டென்று குழாயைப் பிடுங்கி சிலிண்டரில் மாட்டியாக வேண்டும். அந்த அவகாசத்துக்காகத்தான் யு.பி.எஸ். வாங்கினோம். தேர்ந்தெடுத்தவன் நான். நல்ல யு.பி.எஸ்., அதில் ஒரு குறையும் இல்லை. என் அறையில் வைத்து, நடுச்சுவரில் ஓட்டை போட்டு அவன் அறைக்கு ஒயர் இழுத்தேன்.

"இதெல்லாம் தம்பி பாத்துக்குவாரு. எனக்கு பிளக்கைக் கண்டாலே பயம்" என்பார் அண்ணி, வருகிறவர்களிடம்.

அந்த யு.பி.எஸ்ஸின் முதுகில் பிளக் மாட்ட இரண்டு வரிசை உண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒரு வரிசைக்கு மட்டும்தான் பேட்டரி. இன்னொன்று கரண்ட் ஏறி இறங்கினால் பொருளைக் காப்பாற்றும். கரண்ட் போய்விட்டால் அதுவும் செத்துவிடும். பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சம்பவத்துக்குப் பிறகு வந்த மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, "மெஷின் பிளக் தப்பான வரிசையில இருக்குங்க" என்றார். அதைக் கேட்டதும் அண்ணிக்கு ஒன்று நினைவு வந்தது. சம்பவத்தன்று காலை என் அறையைத் துடைக்கும்போது ஒரு பிளக் கழன்றதாம், கைக்குக் கிடைத்த ஓட்டையில் சொருகினாராம். "நானே கொன்னுட்டேன்" என்று அவர் உங்களிடம் எழுதிக் கொடுத்தது அதை வைத்துத்தான்.

வீடியோ கேமைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போதைய கேம்களில் படம் அழகு, ஆட்டம் சவசவ. நாங்கள் சின்ன வயதில் ஆடியவற்றில் படம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் விரல் சொன்னபடி கேட்கும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு வீடியோ கேம் பெட்டிக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். முதலாவது அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. நாங்கள் தோற்றதே இல்லை. "செம குதிடா பார்ட்னர்!" என்று முதுகில் தட்டுவான். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

ஒரு நாள் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் பந்து ஓடிவிட்டது. எடுக்கக் குனிந்தால் என் ஜாய்ஸ்டிக்கின் ஒயர் எங்கும் மாட்டாமல், நுனியில் ரப்பர் பேண்டு சுற்றிக் கிடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் பல நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தேன். அவன் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

அவன் கெட்டவன் இல்லை. தோற்றால் நான் அழுவேன், அழுதால் அப்பா பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். அதற்காகச் செய்தது. எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன்தான். பின்னால் அதைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தான். தன் கல்யாணப் பந்தியில் சொன்னான். எனக்கு வேலை கிடைத்த அன்று என் மேனேஜரிடம் சொன்னான். "ஒயரே மாட்டாம சாம்பியன் ஆனவன் சார் என் தம்பி." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். விளையாட்டு வினையாகும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது வெறும் சிரிப்பாகவே இருந்தது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கடைசியாக அவன் அதைச் சொன்னது ஊசி போட வந்த நர்ஸிடம். பாதியில் மூச்சு வாங்கியது. பேச முடியாமல் என்னைக் காட்டிக் கையை ஆட்டினான். கடைசி வரியை நானே சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று சாயங்காலம் பிளக்கை மாற்றினேன். இதை அந்தக் கதையோடு முடிச்சுப் போட வேண்டாம். என் கம்ப்யூட்டரில் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தேன், அது கரண்டை யானை மாதிரி தின்னும். இரண்டையும் ஒரே பேட்டரி தாங்காது. ஒன்றை அடுத்த வரிசைக்கு மாற்றியாக வேண்டும். கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் ஹார்டு டிஸ்க் கெட்டுப்போகும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னேன்.

"அண்ணா, உன் மெஷினை இடம் மாத்தி மாட்டியிருக்கேன்."

"நீ இருக்கிறப்ப எனக்கென்ன பார்ட்னர்" என்றான்.

மெஷின் நின்றால் கத்துகிற அலாரத்தைப் பற்றியும் கேட்டீர்கள். அதன் சின்ன பேட்டரியை அதற்கு முன்பே கழற்றியிருந்தேன். அது அவனே கேட்டது. கரண்ட் கண் சிமிட்டி பேட்டரிக்கு மாறுகிற நொடியில்கூட வீல் வீல் என்று கத்துகிறது, உயிர் போகிறது என்றான். இடம் மாற்றிய பிறகு அதைத் திரும்பப் போட எனக்குத் தோன்றவில்லை.

சம்பவம் நடந்த மத்தியானம் அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நான் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். வெண்ணெய் திரளும் நேரம், கடைசி அரக்கனுக்கு உயிர் நூலளவு பாக்கி. தலைக்கு மேல் விசிறி மெதுவாகி நின்றது. விளக்கு போனது. என் திரை மட்டும் எரிந்தது.

ஹெட்போன் போட்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை என்று உங்களுக்கு முன்பு விசாரித்தவரிடம் சொன்னேன். வெளிச் சத்தம் எல்லாவற்றையும் அடக்கும் ஹெட்போன் என்றதும் அவர் குறித்துக்கொண்டார். பாவம், விளம்பரத்தை நம்புகிறவர். அந்த ஹெட்போன்கள் விடாமல் ஒரே மாதிரி ஓடும் சத்தத்தைத்தான் நன்றாக விழுங்கும். விசிறி, பஸ் இன்ஜின், ஆக்சிஜன் மெஷின். மனிதக் குரலை அப்படி விழுங்க அதனால் ஆகாது. விலை அதிகமென்றாலும் அப்படித்தான். வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

"பார்ட்னர்" என்று கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். பிறகு சுவரைத் தட்டினான். சிலிண்டர் அவன் கால்மாட்டில்தான் இருந்தது, ஆனால் அதைத் திருகுவதற்கு அவன் கையில் வலு கிடையாது. அந்தத் தட்டல் என் பக்கத்துச் சுவரில் ஓட்டை வழியாக இன்னும் தெளிவாகக் கேட்டது. நான் அரக்கனை முடித்தேன், ஆட்டத்தை சேவ் செய்தேன், கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தேன். ஹெட்போனைக் கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை, வந்தால் சொல்கிறேன்.

அண்ணியை விட்டுவிடுங்கள். அவர் துடைத்த அன்று கழன்றது என் ஸ்பீக்கரின் பிளக். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினின் பிளக் அதற்கு முன்பே இடம் மாறிவிட்டது. கைக்குக் கிடைத்ததை அழுத்திவிட்டு, ஆட்டம் தன்னால்தான் முடிந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். ஊரும் அதையே நம்புகிறது, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அவரையே பார்த்தார்கள். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவர் கையில் இருந்ததற்கு ஒயரே கிடையாது என்று தயவுசெய்து திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த முறை ஆடியது நான்தான்.