வேலியடிக் கதிரை

— இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒரு வீட்டுக்கு வந்தா இருந்து நாலு கதை கதைக்கத் தெரியாது. வருகுது, கையில பட்டியைச் சுத்துது, காத்தடிக்குது, போகுது. மாட்டு வைத்தியர்கூட மாட்டோட ஒரு சொல்லுக் கதைப்பார்.

— இராஜநாயகம் ஐயா, உங்களோட கதைக்கக் கூடாது எண்டுதான் எனக்குக் கட்டளை. முதல் நாளே சொன்னனான்.

— பக்கத்து வளவில மேர்வினோட மட்டும் இருந்து இருந்து கதைக்கிறாய். நான் என்ன, நாயோ?

— சீட்டுக் குலுக்கினதில உங்கட தம்பிக்குக் கதை விழுந்தது. உங்களுக்குப் பிரஷர் பாக்கிறது மட்டும். தனிச்சிருக்கிற ஆக்களோட ஒராள் வந்து கதைச்சா பிரஷர் இறங்குதோ எண்டு பாக்கிறம். கதையில்லாத ஆக்களையும் பாத்தாத்தானே, இறங்கினது கதையாலயோ வேற எதாலயோ எண்டு தெரியும்.

— கம்பஸில இதுக்கும் படிப்பிருக்கோ?

— இருக்கு. அதைத்தான் நீங்கள் குழப்புறியள். இந்த லிங்கநகரில கதையில்லாத ஆக்களுக்குள்ள பிரஷர் இறங்கினது உங்களுக்கு மட்டும்தான்.

— இறங்கினது குற்றமோ?

— நல்லது ஐயா. ஆனா எதால எண்டு எனக்குத் தெரியவேணும். டொக்டர்மார் பிரஷர் குளிசையை மாத்தினவையோ?

— இல்லை.

— கருவாடு விட்டிட்டியளோ?

— கருவாட்டை விட்டா பிறகு என்னத்துக்கு உயிரோட இருக்கிறது?

— ஆரும் வந்து போகினமோ?

— என்ர மனிசி றோஸ் போனாப்பிறகு இந்தப் படலையைத் திறக்கிறது நீயும் காத்தும்தான்.

— அப்ப, பின்பக்கம் தகர வேலியோட ஒட்டி ஒரு கதிரை கிடக்கே, அது ஆருக்கு?

— நிழலுக்குப் போட்டது.

— காலமை அங்க நல்ல வெயில். வேலிக்கு அங்கால மேர்வின் ஐயாவோட இருக்கேக்க எனக்கே கண் கூசும். ஒட்டுக் கேக்கிறியள், என்ன?

— என்ர வளவில நான் இருக்கிறன். அவன் உரத்துக் கதைச்சா நான் காதை அறுத்து எறியிறதோ?

— கோவிக்காதேங்கோ. கதை இங்கால கசிஞ்சா என்ர ஆய்வு பிழைச்சுப்போகும். வாற கிழமையில இருந்து அவரை அந்தோனியார் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கப்போறன். வேலியடியில இண்டைக்குத்தான் கடைசி.

— மண்டபமோ? அந்தப் படி ஏற அவனுக்கு ஏலாது. முழங்கால் நோ.

— வருசக்கணக்கா முகம் பாராத தம்பியின்ர முழங்கால் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— எழும்பேக்க 'மாதாவே' எண்டுவான். முந்தி அப்பிடிச் சொல்லமாட்டான்.

— அப்ப போய்க் கதைக்கலாமே.

— கதைக்கிறதோ? அந்தோனியார் திருநாளில சுரூபத்தைத் தோளில தூக்கிக்கொண்டு சுத்தி வரேக்க, முன் வலத்தோள் மூத்தவனுக்கு. எங்கட அப்புவுக்குப் பிறகு அது எனக்கு. நான் ஆஸ்பத்திரியில றோஸுக்குப் பக்கத்தில நிண்டு பிந்தினன். வந்து பாத்தா அவன்ர தோளில கிடக்கு. என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. றோஸ் கண்மூடின அண்டைக்கு வந்து படலையடியில நிண்டவன்தான். நானும் உள்ள வா எண்டு சொல்லேல்லை.

— போன முறை உங்களைப் பற்றித்தான் கதைச்சவர். சின்னனில துறைமுகத்துக்குள்ள தோணி பிரண்டதும், நீங்கள் தன்னைத் தலைமயிரில பிடிச்சு இழுத்துக் கரையேத்தினதும்.

— பிழை. சேட்டுக் கொலரில பிடிச்சனான். தலையில மயிர் எங்க இருந்தது? பேனுக்கு மொட்டை அடிச்சிருந்தது. வேலிக்கு மேலால சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

— ஏன் சொல்லேல்லை?

— அவன் தொடங்கட்டும்.

— ஐயா, தம்பி வீட்டில முதல் நாள் நான் அவற்ற கதிரையை விறாந்தையிலதான் போட்டனான். தம்பிதான் அந்த நொந்த காலோட தூக்கிக்கொண்டு போய் வேலியடியில வைச்சவர்.

— காத்துக்காக்கும்.

— தகரத்தடியில என்ன காத்து? இருந்தாலும் உடன தொடங்கமாட்டார். வேலியைப் பாத்துக்கொண்டிருப்பார். இங்கால உங்கட பக்கத்தில இருந்து ஒரு இருமல் கேக்கும். அதுக்குப் பிறகுதான் வாய் திறப்பார். பக்கத்திலதானே இருக்கிறன், ஏன் கத்துறியள் எண்டு கேட்டா சிரிப்பார். இப்பதான் எனக்கு விளங்குது.

— பொய். படிச்சவை கதை கட்டுறதில கெட்டிக்காரர். நான் நம்பமாட்டன். கழட்டு இந்தப் பட்டியை.

— நம்பாட்டி இருங்கோவன் ஐயா. பின்பக்கம் எங்க எழும்பிப் போறியள்?

— நீ முன்பக்கத்தால கெதியா அங்கால போ, பிள்ளை. எனக்கு இருமல் வருது.