இருபத்தெட்டு ராத்தல் காற்று

டயரின் காற்றைக் காலையில்தான் அளக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. வெயில் ஏறிய பிறகோ, வண்டி நாலு மைல் ஓடிய பிறகோ அளந்தால் சூட்டில் காற்று விரிந்து பொய்க் கணக்குக் காட்டும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காருக்குப் பின் சக்கரம் இரண்டிலும் காற்றுப் போதாது. என்னை உள்ளே அழைத்து வரும்போதே கவனித்தேன். யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

நீங்கள் கேட்பது அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி. மதியம் ஒரு மணிக்குக் கார் பள்ளத்தில் விழுந்தது, நாலு மணிக்குத்தான் உங்களிடம் வந்து சொன்னாய், நடுவில் என்ன செய்தாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் காற்றிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

என் முதலாளி விநாசித்தம்பி ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். முப்பது வருடம் சர்க்கார் ஆபீசில் இருந்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். எதையும் வாயால் சொன்னால் அவருக்குத் திருப்தி கிடையாது. மனைவி யோகம்மா தேங்காய் வாங்க வேண்டுமென்றாலும் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும். ஐயா மூலையில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வீட்டில் சம்பல் அரைபடும். டிரைவரான எனக்கும் தினம் காலையில் ஒரு சீட்டு வரும், வரிசை எண்ணோடு.

அவருடைய பழைய காருக்கு ஒல்லி டயர். அதற்கு ஐம்பது ராத்தல் காற்று வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சென்ற வருடம் வாங்கிய புதுக் காருக்குப் பருத்த டயர். செய்தவனே கதவோரத்தில் பித்தளைத் தகட்டில் இருபத்தெட்டு என்று பொறித்திருக்கிறான். ஆனால் சீட்டில் தினமும் ஐம்பது என்றே வந்தது. தகட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, தகடு அடித்தவனுக்கு வேலை தெரியவில்லை என்றார்.

முறைப்படி எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தேன். 'பார்வையிடப்பட்டது. ஏற்கப்படவில்லை' என்று மறுநாள் திரும்பி வந்தது. கையெழுத்து அவ்வளவு அழகு. அதோடு போய் வாதாட முடியுமா?

ஐம்பது ராத்தல் ஏற்றிய காரில் உட்கார்ந்தால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறி விசாரித்துவிட்டுப் போகும். யோகம்மா அம்மாளுக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. அதற்கும் ஐயா என் ஓட்டத்தைத்தான் குறை சொன்னார். பொறுத்துக்கொண்டேன். நான் பொறுமைசாலி, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சூலியா தெருவில் நடந்ததுதான் கொஞ்சம் அதிகம். டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்த கடை முன்னால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். எல்லார் காதிலும் விழும்படி பேசினார்.

"ஜெயராஜ், நான் முப்பது வருசம் கந்தோரில இருந்தனான். எனக்கு நீர் காத்துப் படிப்பிக்கிறீரோ?"

அன்றிலிருந்து என் பெயர் இருபத்தெட்டு. "இருபத்தெட்டு அண்ணே, இன்னிக்கு எத்தனை ராத்தல் லா?" என்று பாசாரில் மீன் விற்கிறவன்கூடக் கேட்டான். பதினோரு வருடம் பினாங்கில் வண்டி ஓட்டி ஒரு கோழியைக்கூட அடித்தவனில்லை நான். வலித்தது ஐயா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆகவே கீழ்ப்படிந்தேன். அவ்வளவுதான் செய்தேன். பக்கவாட்டில் வெட்டு விழுந்து, உள்ளே ஒட்டுப் போட்ட பழைய டயர் ஒன்று ஷெட்டில் கிடந்தது. இருபத்தெட்டு ராத்தல் என்றால் அதுவும் ஒருவாறு தாங்கும். 'முன் வலது சக்கரத்துக்கு வேறு டயர் போட அனுமதி வேண்டுகிறேன்' என்று எழுதி வைத்தேன். எந்த டயர் என்று எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. வரிசை எண் சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். உத்தரவுப்படி ஐம்பது ராத்தல் ஏற்றினேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்று பாலிக் புலாவில் இருக்கும் அவருடைய சாதிக்காய்த் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். ஆயர் ஈத்தாமிலிருந்து ஏறி மலை உச்சிக்கு வந்தபோது நல்ல வெயில். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வயிறு எந்த இடத்தில் வலிக்கும் என்று யார் கண்டது? நான் மெதுவாக நடந்து வருகிறேன், ஐயா முன்னால் போங்கள் என்றேன். அவருக்கு லைசென்ஸ் உண்டு, இறக்கத்தில் ஓட்டுவதென்றால் கொள்ளை ஆசை. குழம்பு சிந்திவிடும் என்று சாப்பாட்டுப் பையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வளைவில் சத்தம் கேட்டது. தெரியாதவர்கள் வெடி என்பார்கள்.

போய்ப் பார்த்தேன். கார் பள்ளத்தில் மரத்தோடு மோதிக் கிடந்தது. ஐயாவின் கால்கள் இரண்டும் உள்ளே நசுங்கியிருந்தன, ஆனால் நல்ல நினைவோடு இருந்தார். பக்கத்தில் குந்தி மரியாதையாகத்தான் கேட்டேன், எத்தனை ராத்தல் என்று.

"ஐம்பது," என்றார். "ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்."

ஒரு மனிதருக்கு யோசிக்க அவகாசம் கொடுக்க வேண்டாமா? மேலே ஏறி ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். யோகம்மா அம்மாள் இரண்டு பேருக்கும் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக் கொடுத்திருந்தார். என் பங்கைச் சாப்பிட்டேன். ரப்பர் தோட்டத்து வள்ளியம்மா அந்த வழியாக வந்து, ஏன் தனியாகக் குந்தியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். முதலாளி கீழே ஓய்வாக இருக்கிறார் என்றேன். அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. நேர்மையான பெண்.

இரண்டு மணிக்கு மறுபடி இறங்கிப் போனேன். தண்ணீர் கேட்டார். தருகிறேன், எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஐம்பதுதான். மூன்று மணிக்குக் குரல் எழும்பவில்லை. விரலால் காட்டினாலும் போதும் என்று இறங்கி வந்தேன். கையை என் பக்கம் நீட்டி விரித்தார். ஐந்து விரல். அப்போதும் ஐம்பது.

அதற்குப் பிறகு அந்தக் கை அசையவில்லை. மிச்சமிருந்த பிட்டையும் சாப்பிட்டேன், வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. பிறகு நடந்து வந்து உங்களிடம் சொன்னேன்.

ஒரே ஒரு தடவை இருபத்தெட்டு என்று சொல்லியிருந்தால் போதும், ஓடிப்போய் ஊரையே கூட்டி வந்திருப்பேன். தண்ணீரும் கொடுத்திருப்பேன். மூன்று முறை கேட்டேனே, அதற்கு மேல் ஒரு டிரைவர் என்ன செய்ய முடியும்? பிடிவாதம் ஒரு மனிதனைக் கொல்வதை அன்றுதான் ஐயா என் கண்ணால் பார்த்தேன்.