மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கச் சைக்கிளில் போனவர்

— எந்திரிங்கன்னா எந்திரிக்க மாட்டேங்குறீங்களே! காயப்போட்ட நெல்லு மேல படுத்துக்கிட்டு வானத்தைப் பாத்தா என்னாங்க அர்த்தம்?

— படுக்கலம்மா. விழுந்துருக்கேன்.

— விழுந்தவன் எந்திரிப்பான். நீங்க சைக்கிளைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுல்ல கெடக்குறீங்க.

— நான் புடிக்கல. அதுதான் என்னைப் புடிச்சுருக்கு. அதாவது, இந்த ஷூவுக்கு அடியில ஒரு பூட்டு இருக்கு. அது பெடல்ல போய் மாட்டிக்கும்.

— காலைச் சைக்கிளோட வெச்சுப் பூட்டிட்டீங்களா? எதுக்கு? உங்க காலை எவன் திருடிட்டுப் போகப்போறான்?

— வேகத்துக்கும்மா. அதாவது, குதிகாலை வெளிப்பக்கம் திருப்புனா கழண்டுக்கும்.

— அப்ப திருப்புங்க.

— விழுறதுக்கு முன்னாடி திருப்பணும். விழுந்ததுக்கப்புறம் வெளிப்பக்கம் எந்தப் பக்கம்னு தெரியல.

— அட ஆண்டவனே! இருங்க, நான் திருப்புறேன்.

— மெதுவா... ஐயோ! அது முழங்கால்மா!

— சத்தம் போடாதீங்க. இந்தா, கழண்டுருச்சு. அந்தக் காலையும் குடுங்க. ம்... ஆச்சு. இப்ப எந்திரிச்சு அந்தப் புளியமரத்தடிக்குப் போங்க. நெல்லை மிதிக்காமப் போங்க. மிதிக்காமன்னேன்!

— காலை எங்க வெக்கிறது? ரோடு பூராவும் நெல்லாத்தானே இருக்கு?

— பாதி ரோட்டுலதான் போட்டுருக்கு. மீதிப் பாதியில பஸ்ஸே போவுது, உங்க சைக்கிளு போவாதாக்கும்?

— போயிருக்கும். எதுத்தாப்புல ஒரு ஆடு வந்துருச்சு.

— ஆடு பாட்டுக்கு ஓரமா நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்.

— ஓரமாத்தான் நின்னுச்சு. ஆனா என்னையே பாத்துச்சு.

— பின்ன பாக்காதா? கருத்த தார் ரோட்டுல இப்படி ஒரு மஞ்சச் சட்டை. தலையில குருவிக்கூடு மாதிரி ஒரு தொப்பி. நீங்க வந்து விழுந்ததுலேர்ந்து ஒரு புறா நெல்லுல எறங்கலைங்க. நேத்து பூராவும் தகரத்தைத் தட்டித் தட்டி என் கைதான் ஓய்ஞ்சுபோச்சு.

— மன்னிச்சுக்கங்கம்மா. நெல்லு ஏதும் வீணாயிருச்சா?

— குறுவை நெல்லுங்க. முந்தாநாளு மிஷினு வெச்சு அறுத்தோம். ஈரம் கூட இருந்தா கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிருவாங்கன்னு ரெண்டு நாளா காலாலயே கிண்டிக் கிண்டிக் காய வெக்கிறேன். நீங்க வந்து விழுந்து வேர்வையிலயே ஒரு மூட்டையை நனைச்சுப்புட்டீங்க.

— அவ்வளவா வேர்க்குது எனக்கு?

— கெடக்கட்டும். உக்காருங்க. அது என்னா டவுசரு, உள்ள என்னமோ மெத்தை வெச்சுத் தெச்சுருக்காப்புல இருக்கு?

— அது... சீட்டு குத்தாம இருக்குறதுக்கும்மா.

— எங்க அக்கா பேத்திக்கும் இப்படித்தான் ஒண்ணு மாட்டி விடுறாங்க. அது வேற விசயத்துக்கு. சரி, எங்கேர்ந்து வர்றீங்க?

— தஞ்சாவூர்லேர்ந்து. சாலியமங்கலம் வந்து, அங்கேர்ந்து உள்ளாற திரும்புனேன்.

— அம்மாந்தூரத்துலேர்ந்தா? இந்த உடம்பை வெச்சுக்கிட்டா?

— இடையில எட்டு எடத்துல ஓய்வு எடுத்துக்கிட்டேன். அதாவது, ரெண்டு எடத்துல நானா எறங்குனேன். மத்ததெல்லாம் இப்ப பாத்தீங்கள்ல, அந்த மாதிரி.

— முதல்ல தண்ணியக் குடிங்க. சர்க்கரை இருக்குற ஆளு வெறும் வயித்தோட இப்படி வெயில்ல அலையக்கூடாது.

— எனக்குச் சர்க்கரை இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே?

— இந்த வயசுல டவுசரு போட்டுக்கிட்டு சைக்கிள் விடுறவருக்கு வேற என்னா இருக்கும்?

— அதுவும் சரிதான். மின்வாரியத்துல சூப்பிரண்டும்மா நான். பேரு அண்ணாதுரை. உக்காந்தே வேலை பாத்ததுல வந்த வினை. டாக்டரு நடக்கச் சொன்னாரு. எம்பொண்ணுதான், நடந்தா பாதியிலயே டீக்கடையில உக்காந்துருவீங்கன்னு இந்தச் சைக்கிளை வாங்கிக் குடுத்துச்சு.

— பொண்ணு என்னா பண்ணுது?

— மாட்டு டாக்டரு. ஒரத்தநாட்டுல படிச்சுச்சு. செம்மொழின்னு பேரு.

— மாட்டு டாக்டரைப் பெத்தவரா ஆட்டைப் பாத்துட்டு விழுந்தீங்க?

— அதை விடுங்க. ஏம்மா, இந்த ஊர்ல இனியவன்னு ஒரு பையன் இருக்கானாமே? திருச்சியில என்ஜினீயரா இருக்கானாம், தினம் ரயில்ல போயிட்டு வர்றானாம். எப்படிப்பட்ட பையன்?

— எதுக்குக் கேக்குறீங்க?

— சும்மா, ஒரு ஆபீஸ் விஷயமா. அவங்க அம்மா எப்படி, கோவக்காரங்களா?

— பொண்ணு குடுக்கப் போறீங்களா?

— எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?

— ஆபீசு விசயமா வர்றவன் பையனோட நிறுத்திக்குவான். பொண்ணைப் பெத்தவன்தான் மூச்சு விடுறதுக்கு முன்னாடி மாமியாக்காரிக்குத் தாவுவான்.

— சத்தமா சொல்லாதீங்க. வீட்டுக்குத் தெரியாம வந்துருக்கேன். பயிற்சிக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புனேன். அதாவது, வர்ற புதன்கிழமை ரெண்டு வீடும் உக்காந்து பேசப்போறோம். அதுக்குள்ள யாருக்கும் தெரியாம வந்து ஊர்ல நாலு பேருகிட்ட விசாரிச்சுப்புடணும்னு நெனைச்சேன்.

— யாருக்கும் தெரியாம வர்றதுக்கா இந்த மஞ்சச் சட்டை?

— கார்ல வந்தா எல்லாரும் உஷாராயிடுறாங்கம்மா. சைக்கிள்ல போறவனை யாரு பாக்கப்போறான்னு நெனைச்சேன்.

— உங்க பின்னாடியே எங்க தெரு நாயி நாலு ஓடியாந்துச்சே, அதுங்களைக் கேட்டுப் பாருங்க. சரி, என்னா தெரியணும்? கேளுங்க. எனக்குத் தெரியாத வீடு இந்த ஊர்ல இல்ல.

— பையன் குடிப்பானா?

— தீவாளிப் பொகையே ஆவாது அவனுக்கு. சாராயத்துக்கு எங்க போவான்?

— சே. ஒரு கெட்ட பழக்கம் கூடவா இல்ல?

— இருக்கு. கொறட்டை விடுவான்.

— அப்படிச் சொல்லுங்க! பலமாவா?

— பக்கத்து வீட்டு ஜன்னலு ஆடும். ஆனா என்னா, அவங்கப்பனும் விடுவாரு. ரெண்டு பேரு சேந்து விட்டா ஒண்ணை ஒண்ணு அடக்கிப்புடும். நல்லாத் தூக்கம் வரும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெருவுக்கே தெரியும்ங்க.

— அந்தப் பையனோட அப்பா எப்படி?

— அவரு நல்லவரா கெட்டவரான்னு ஊர்ல யாருக்குமே தெரியாது. அந்தம்மா பேச விட்டாத்தானே தெரியும்?

— ஆகா, அப்ப அந்தம்மா?

— வாய்க்காரி. போன பொங்கலுக்கு மைக்செட்டுக்காரனோட சண்டை. அவன் மைக்குல பேசுனான், இவ வெறும் வாயில பேசுனா. அடுத்த ஊருக்குக் கேட்டது இவ பேசுனதுதான்.

— இதுதாம்மா, இதுதான் எனக்கு வேணும்! எம்பொண்ணு பாவம், அதிர்ந்து பேசமாட்டா. இந்தம்மா அவளைக் கடிச்சுத் தின்னுருவாங்க. சம்பந்தம் வேணாம்னு சொல்லிரலாம்.

— அது எப்படித் திம்பா? அவ வீட்டுல ஏழு மாடு நிக்கிது. ஒரு மாட்டுக்கு மடி வீங்குனா டாக்டரைத் தேடி நாலு ஊரு அலையிறா. டாக்டரே மருமவளா வந்தா தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுவா.

— என்னம்மா நீங்க, ஒவ்வொரு குத்தத்தையும் சொல்லிச் சொல்லி நீங்களே ரிப்பேர் பண்ணிடுறீங்க?

— உங்களைப் பாத்தா சம்பந்தத்தை விசாரிக்க வந்தவரு மாதிரியே தெரியல. ஒடைக்க வந்தவரு மாதிரியில்ல இருக்கு.

— அதெல்லாம் இல்ல.

— இதுக்கு முன்னாடி எத்தனை பாத்தீங்க?

— மூணு. மொத வீட்டுல கெணத்துத் தண்ணி உப்பு. ரெண்டாவது பையன் தயிர்சாதத்தை ஸ்பூனால சாப்புட்டான். மூணாவது...

— சொல்லுங்க.

— மூணாவது வீட்டுல ஒண்ணும் கெடைக்கல. அவங்க வீட்டு வாசப்படி வழுக்குதுன்னு சொல்லிட்டேன்.

— அட பாவி மனுசா! கெடக்கட்டும். காலையில என்னா சாப்புட்டீங்க?

— ஒரு வாழைப்பழம். அதும் வர்ற வழியில ஒரு விழுகையில பைக்குள்ளயே நசுங்கிருச்சு.

— தூக்குச்சட்டியில பழையசோறு இருக்கு. நேத்து வெச்ச வெரால் மீன் கொழம்பு இருக்கு. சுண்டக்காய்ச்சி எடுத்துட்டு வந்துருக்கேன். போடுறேன், சாப்புடுங்க.

— வெரால் மீனா? நேத்து வெச்ச கொழம்பா? வேணாம்மா. வேணாம். மூடுங்க, வாசம் அடிக்குது.

— ஏன், மீனு திங்க மாட்டீங்களா?

— உசுரை விடுவேம்மா. அதாவது, ஒரு முறை இருக்குல்ல. சம்பந்தம் பேசி முடியிறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுல, ஏன், ஊர்லயே கை நனைக்கக்கூடாது. ஒரு வாய் சோறு தின்னுட்டாலும் சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் மாட்டேன்னு சொன்னா மரியாதை போயிரும்.

— நான் என்னா மாப்பிள்ளை வீட்டுல எலை போட்டா கூப்புடுறேன்? ரோட்டோரத்துல, புளியமரத்தடியில போடுறேன். மரத்துக்கும் உங்களுக்கும் என்னா சம்பந்தம்?

— அதுவும் சரிதான்.

— அப்ப வாங்கிக்கங்க. இந்தத் துண்டுல முள்ளு இருக்காது.

— போதும்... இன்னும் கொஞ்சம் கொழம்பு மட்டும்... ம்ம்... தங்கச்சி, இந்தக் கொழம்பை வெச்ச கைக்குத் தங்க வளையல் போடணும்.

— போடுவீங்க, போடுவீங்க. மெதுவா தின்னுங்க. ஏங்க, இப்ப நெசத்தைச் சொல்லுங்க. உப்புத் தண்ணி, ஸ்பூனு, வாசப்படி. இதெல்லாம் ஒரு காரணமா?

— உண்மையைச் சொல்லப்போனா, இல்ல.

— அனுப்ப மனசு வரல. அதானே?

— வரல தங்கச்சி. ஒரே பொண்ணு. காலையில நான் சைக்கிள் எடுத்தா, அவ ஸ்கூட்டியில பின்னாடியே வருவா. ‘அப்பா மிதி, அப்பா மிதி’ன்னு சொல்லிக்கிட்டே வருவா. அந்தக் குரலு கேட்டாத்தான் எனக்குக் கால் சுத்தும். இன்னைக்குத்தான் மொத மொதல்ல தனியா வந்தேன். திரும்பிப் பாத்தா ரோட்டுல ஒருத்தரும் இல்ல. அழுகை வந்துருச்சு. இத்தனை தடவை விழுந்தது ஆட்டாலயும் பள்ளத்தாலயும்னா நெனைச்சீங்க? திரும்பித் திரும்பிப் பாத்ததால.

— அந்த மூணு பையன் போட்டோவையும் பாத்து பொண்ணு என்னா சொல்லுச்சு?

— உங்க இஷ்டம்பான்னுச்சு. அதனால எனக்கு பயமே இல்ல. இந்தப் பையன் போட்டோவைப் பாத்துட்டுத்தான் சிரிச்சுருச்சு. அன்னைக்குப் புடிச்ச பயம்.

— அது சிரிச்சுதா?

— சிரிச்சுச்சு. அப்புறம் போட்டோவை எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. திருப்பிக் குடுக்கவே இல்ல.

— கண்ணைத் தொடச்சுக்கங்க. அந்தக் கையால தொடச்சுராதீங்க, கொழம்பு! நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இன்னைக்கு இம்மாந்தூரம் மிதிச்சு வந்தீங்கல்ல? அதே ரோடுதான். இத்தனை நாளா பின்னாடி வந்த புள்ளையை முன்னாடி வெச்சுக்கிட்டு மிதிங்க. வாராவாரம் வாங்க. இந்த ஊர்லதான் இருக்கப்போவுது, ஓடியா போயிரும்?

— வாராவாரம் வந்தா அந்த வாய்க்கார அம்மா என்ன சொல்லுவாங்களோ?

— திட்டுவா. திட்டிட்டுச் சோறு போடுவா.

— அப்படியா சொல்றீங்க? உடனே சரின்னு சொல்லிர முடியாது. புதன்கிழமை வரைக்கும் யோசிக்கணும். அதாவது, அந்தம்மாவை ஒரு தடவை தூரத்துல நின்னு பாத்துட்டா எனக்குத் தைரியமா இருக்கும்.

— பாக்கலாம், பாக்கலாம். அதுக்குள்ள இந்தத் தலைத்துண்டையும் தின்னுருங்க.

— போனு அடிக்குது தங்கச்சி. சைக்கிள்ல மாட்டியிருக்கேன் பாருங்க. யாரு பேரு வருது?

— மங்களாம்பிகைன்னு போட்டுருக்கு.

— ஐயையோ, எம் பொண்டாட்டி! கையெல்லாம் கொழம்பா இருக்கு. நீங்களே அமுக்கி ஸ்பீக்கர்ல போடுங்க. வாயைத் தெறக்காதீங்க, பக்கத்துல நீங்க இருக்கீங்கன்னு தெரியக்கூடாது.

— சரி, போட்டாச்சு.

— ஹலோ, மங்களா! நான் பயிற்சியிலதான் இருக்கேன். இங்க பெரிய கோயில் பக்கத்துலதான் சுத்திக்கிட்டு இருக்கேன்.

— பெரிய கோயில்கிட்ட ஆடு கத்துதா?

— அது... யாரோ ஒருத்தரு கூட்டிட்டு வந்துருக்காரு.

— வாயில சோத்தை வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதீங்க. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட போனைக் குடுங்க.

— பக்கத்துல யாரும் இல்லையே மங்களா! பக்கத்துல யாரு இருக்கான்னு உனக்கு எப்படி...

— சம்பந்தியம்மா, நேத்து சொன்ன மாதிரியே கை நனைச்சுட்டாரா?