ஆறு ஃபேனுக்கும் ஒரே குமிழ்

இரவு பதினோரு மணி. கடைசி பஸ் இறக்கிவிட்டுப் போய்விட்டது. தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிகிற நீளமான சாலை. அதில் ஸ்க்ரூ தனியாக நடந்துகொண்டிருந்தான். ஸ்க்ரூ யாரா? என் சிநேகிதன், கம்ப்யூட்டர் மெக்கானிக். தொழிலே பெயராக ஒட்டிக்கொண்டது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அப்புறம் "துணைக்கு வா, தண்ணி குடிக்கணும்" என்று என்னை எழுப்பக்கூடாது.

அவனுடைய சித்தப்பா போனில் அழுதிருந்தார். அதனால்தான் அந்த நேரத்தில் கிளம்பினான்.

சித்தப்பாவுக்கு வீடியோ எடிட்டிங் வேலை. அவருடைய கம்ப்யூட்டர் சூடு தாங்காது என்று உள்ளே ஆறு ஃபேன் வைத்து, ஆறுக்கும் சேர்த்து ஒரே குமிழை மேஜைமேல் பொருத்தியிருந்தார். வலப்பக்கம் திருகினால் வீடே இரையும். இடப்பக்கம் திருகினால் அடங்கிவிடும்.

சித்தி இருந்தவரை, தூக்கம் வந்ததும் பூனை மாதிரி வருவாள். வாயே திறக்க மாட்டாள். குமிழை இடப்பக்கம் திருகிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். அதற்குமேல் வேலை பார்த்தால் கம்ப்யூட்டர் கொதித்துப்போகும். சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து படுக்கப் போவார்.

சித்தி போய்ச் சேர்ந்த பிறகு, குமிழ் எப்போதும் வலப்பக்கக் கோடியில்தான். அந்த இரைச்சல் மட்டும் இல்லாவிட்டால் வீடு அவரை விழுங்கியிருக்கும். தூக்கமும் நாற்காலியிலேயே.

ஒருநாள் ராத்திரி... ஃபேன்கள் தானாக அடங்கின.

தலைவலித் தைல வாசனை. சித்தி நெற்றியில் தேய்ப்பாளே, அதே தைலம். குமிழ் இடப்பக்கம் இருந்தது. சித்தப்பா வலப்பக்கம் திருகினார். கையை எடுத்தார். கண் முன்னாலேயே... கிர்ர்ர்... மெதுவாக இடப்பக்கம் போனது.

மனுஷன் பயந்துபோய்க் குமிழின் ஒயரைப் பிடுங்கி, ஆறு ஃபேனையும் நேராகப் பவரில் கொடுத்துவிட்டார். இனி எவர் வந்தாலும் குறைக்க முடியாது.

விடிந்த பிறகுதான் உறைத்தது, தான் விரட்டியது யாரை என்று. ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு ஒயரை மறுபடி மாட்டினார். ராத்திரி முழுக்கக் குமிழையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும். அதற்கப்புறமும். அது அசையவே இல்லை.

"நான்தான்டா தப்பா மாட்டிட்டேன் போல. நீ பாரு," என்றார், ஸ்க்ரூ நுழைந்ததும். அந்த இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

ஸ்க்ரூ மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சித்தப்பா."

பொய் சொல்லியிருக்கலாம். சித்தப்பாவின் முகம் அப்படி விழுந்துபோனது.

"அப்ப கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. இனி வரமாட்டா."

குழந்தை மாதிரி விம்மினார். பேய்பிசாசெல்லாம் ஸ்க்ரூ நம்புகிற ஆளில்லை. எதையாவது சொல்லி அவரைப் படுக்க வைத்தால் போதும் என்றிருந்தது.

"சித்தி இருந்தப்ப ஒருநாளாச்சும் நீங்களா இதைக் குறைச்சிருக்கீங்களா?"

சித்தப்பா குமிழில் கை வைத்து, இடப்பக்கம் திருகினார்.

ஃபேன்கள் இறங்கின... இறங்கின... மூச்சுவிடும் சத்தம் அளவுக்கு வந்தன. அந்த ராத்திரிக்கப்புறம் இப்போதுதான் அந்த வீட்டில் நிசப்தம்.

அப்போதுதான் இருவருக்கும் கேட்டது. இருட்டாக இருந்த படுக்கையறைக்குள்ளிருந்து...

க்றீச்.

கட்டில் சத்தம். யாரோ சுவரோரம் நகர்ந்து, இன்னொருவருக்கு இடம் விடுகிற சத்தம்.

"இதோ வந்துட்டேம்மா," என்றார் சித்தப்பா. கம்ப்யூட்டரை அணைத்தார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. மறுபடி ஒரு க்றீச்... அவ்வளவுதான்.

ஸ்க்ரூ கூடத்தில் தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தான். போர்வைக்குள்ளும் தைல வாசனை. விடிந்ததும் மெல்லக் கதவைத் தள்ளிப் பார்த்தான்.

சித்தப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வெறுந்தரையில். பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விட்டு, ஒருக்களித்து. அவரைச் சுற்றித் தரையில் நான்கு தழும்புகள், கட்டில் கால்கள் அழுந்திய இடம்.

சித்தி போன மறுவாரமே அந்தக் கட்டிலைப் பிரித்து யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.