புகை இல்லாத வண்டி

இப்ப ஒருத்தர் எழும்பிப் போய் அந்த வடக்கு ஜன்னலைச் சாத்தினார், பார்த்தீங்களா? பின்னாடி அசன விருந்துக்கு அடுப்பு எரியுது. பிரசங்க நேரத்துல புகை கோயிலுக்குள்ள வருதாம்... கண்ணு எரியுதாம். சரி, சாத்தினது இருக்கட்டும். சின்னதா ஒரு கதை சொல்லிட்டு அந்த ஜன்னலுக்கு வாறேன். பயப்படாதீங்க, சோறு ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

பாளையங்கோட்டையில ஆசீர்னு ஒருத்தர். ஆபீஸ் வேலை. வீட்ல மனைவி எப்சிபா, அப்புறம் படுத்த படுக்கையா கிடக்கிற அம்மா. அந்த அம்மாவைப் புரட்டிப் போடுறது, குளிப்பாட்டுறது, ஊட்டி விடுறது எல்லாம் யாரு? பெத்த மகனா? ... மருமக.

மகனுக்கு வேற வேலை இருந்துச்சு. மச்சான் வீட்டுக் கொட்டகையில துருப்பிடிச்சுக் கிடந்த ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கைத் தள்ளிட்டு வந்து, அதை கஃபே ரேசர் ஆக்குறார். அப்படின்னா என்னன்னு பெரியவங்க முழிக்கிறீங்க. ஹேண்டில்பாரைத் தாழ்த்திருவாங்க, குனிஞ்சு படுத்துத்தான் ஓட்டணும். நீள சீட்டைக் கழட்டிட்டு ஒத்தை ஆள் உக்கார்ற சீட்டு. பின்னாடி வீட்டுக்காரி உக்காரவே முடியாது... ஏன் சிரிக்கிறீங்க? ரெண்டு மூணு பேர் விலை விசாரிப்பீங்க போல இருக்கே.

துருவைச் சுரண்டி, டேங்குக்குக் கரும்பச்சை அடிச்சு, எல்லாம் ஆசையாத்தான் செஞ்சார். ஒண்ணே ஒண்ணு அவர் கண்ணை உறுத்துச்சு. சீட்டுக்குக் கீழ எஞ்சினுக்கு எண்ணெய் விடுற ஒரு டப்பா, ஒரு பம்பு. அது அழகைக் கெடுக்குதாம். கழட்டச் சொன்னார். மெக்கானிக் மைதீன் சொன்னார்: "கழட்டுதேன் சார். ஆனா இனிமே பெட்ரோல் போடும்போதெல்லாம் நீங்களே எண்ணெயைக் கலந்து ஊத்தணும். இந்த எஞ்சினுக்கு அது எரிஞ்சாத்தான் உசிரு."

ஊத்தினார். வண்டி கிளம்புச்சு... தெரு பூரா புகை. எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்ன ஆசீர், கொசுவுக்கு மருந்து அடிக்கியளோ?" ன்னார். மானம் போச்சு. அடுத்த தடவை எண்ணெயைக் குறைச்சார். புகை குறைஞ்சுது. இன்னும் குறைச்சார். இன்னும் குறைஞ்சுது. கூட்டாளிகள்கிட்ட ஒரே பெருமை: "டூ ஸ்ட்ரோக்கு... புகை தெரியுதா பாரு."

இதே மாதிரி வீட்டுக்குள்ளயும் ஒரு புகை இருந்துச்சு. எப்சிபா வேலை செஞ்சுக்கிட்டே புலம்புவாங்க. "ஒரு கை பிடிக்க ஆளில்ல... அத்தைக்கு மாத்திரை தீந்து போச்சு, சொல்லிச் சொல்லி வாய் வலிக்கு... இடுப்பு விட்டுப் போகுது..." ஒருநாள் ஆசீர் சீறினார்: "உன்னை யாரு செய்யச் சொன்னா? காலங்காத்தால இந்தப் புலம்பலை நிறுத்து."

நிறுத்திட்டாங்க. அன்னையில இருந்து பேச்சே கிடையாது. காப்பி வருது, சோறு வருது, அம்மாவுக்குத் துணி மாத்தியாச்சு... சத்தம் மட்டும் இல்ல. நம்ம ஆளு என்ன நினைச்சார்? 'அப்பாடா, இப்பத்தான் வீடு வீடா இருக்கு.'

ஒரு சனிக்கிழமை காலையில எண்ணெயே கலக்காம வெறும் பெட்ரோலைப் போட்டுக்கிட்டு நாலுவழிச் சாலையில ஏறினார். புகையே இல்ல. பறக்குறார். கங்கைகொண்டான் பக்கம் போகையில... எஞ்சின் இறுகிப் பிடிச்சிருச்சு. பின்சக்கரம் சுத்தாம அப்படியே நின்னுபோச்சு. வண்டி சரிஞ்சு, ஆளும் வண்டியும் ரோட்டோட உரசி இழுபட்டுப் போகுது. பின்னால வந்த லாரிக்காரர் ஒடிச்சுத் திருப்பினதுனால ஆசீர் இன்னைக்கு உசிரோட இருக்கார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வண்டியை லோடு ஆட்டோவுல ஏத்திக் கடைக்குக் கொண்டு வந்ததும் மைதீன் எஞ்சினைப் பிரிச்சார். பிஸ்டன் பூரா கீறல். "எண்ணெய் ஊத்தலையா சார்?"

"புகையா வந்துச்சு பாய்... அதான்."

"புகை வந்தா, உள்ள ஒண்ணு எரிஞ்சு எஞ்சினைக் காப்பாத்துதுன்னு அர்த்தம். புகை நின்னா பயப்படணும் சார். நீங்க சந்தோசப்பட்டிருக்கீங்களே."

அந்த வார்த்தை எங்க போய்க் குத்தணுமோ அங்க குத்துச்சு. ஆசீர் வண்டியைப் போட்டது போட்டபடி ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு ஓடினார். எப்சிபா அம்மாவை ஒத்தையாப் புரட்டிக்கிட்டு இருக்காங்க. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பை... அவங்க துணிமணி.

"எங்க போற எப்சி?"

"எங்க அம்மா வீட்டுக்கு. அத்தையைக் குளிப்பாட்டி விட்டுட்டுப் போகலாம்னு நின்னேன்."

கேட்டீங்களா? விட்டுட்டுப் போறவங்க... குளிப்பாட்டிட்டுப் போறாங்க.

ஆசீர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்னார். தோல் உரிஞ்ச கையோட அம்மாவைப் பிடிச்சார். "எப்சி... என்னை ஏதாவது திட்டேன்."

அவங்க அந்தக் கையைப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "அப்படி இல்ல... கழுத்துக்குக் கீழ கை குடுங்க. பெத்த தாயைத் தூக்கத் தெரியுதா பாரு. மாத்திரை தீந்து எத்தனை நாளாச்சு, கேட்டீங்களா ஒரு வார்த்தை..." ஆரம்பிச்சுட்டாங்க. ஆசீர் கேட்டுக்கிட்டே அழுதார். என்கிட்ட அவர் சொன்னார், "ஐயா, அந்தப் பை திரும்ப பீரோவுக்குள்ள போன பிறகுதான் எனக்கு ஜெபமே வந்துச்சு."

வண்டி இப்பவும் ஓடுது. டப்பாவும் பம்பும் திரும்ப ஏறியாச்சு, நீள சீட்டும் ஏறியாச்சு. கஃபே ரேசரான்னு கேட்டா... பாதிதான். அம்மாவைக் காலையில குளிப்பாட்டுறது இப்ப ஆசீர்.

அன்பானவங்களே, உங்களுக்காக வீட்ல எரியறது யாரு? அவங்க புகையைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறோம், எரியறதைப் பார்க்குறோமா? இன்னொண்ணும் கேக்குறேன்... எரிஞ்சா தீர்ந்து போகுமே, திரும்ப ஊத்தினது யாரு? நன்றின்னு வாயால சொன்னா மட்டும் போதாது, அந்தப் பக்கம் போய் ஒரு கை பிடிக்கணும்.

இப்ப... ஜன்னலைச் சாத்தின அண்ணாச்சி, கொஞ்சம் எழும்பித் திறந்து விடுங்க. முழுசா. வருதா புகை? வரட்டும். விடியுறதுக்கு முன்னால இருந்து அந்த அடுப்புக்கிட்ட நிக்கிறாங்க நம்ம ஆட்கள். வருசா வருசம் அவங்களுக்குத்தான் கடைசிப் பந்தி, அடிச்சட்டிச் சோறு. இந்த வருசம் முதல் பந்தி அவங்களுக்கு. சோத்து வாளியை நான் தூக்குறேன். குழம்பு வாளிக்கு ஆள் வேணும்... யாரு வாறீங்க?